2-க்கும் 27-க்கும் நடுவே: நோய்க்கு இதுதான் காரணம் என்று எப்போது சொல்லலாம்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1922-ஆம் ஆண்டு நுரையீரல் புற்றுநோயால் இறந்ததாகப் பதிவானவர்கள் 612 பேர். 1947-இல் அது 9,287. இருபத்தைந்து ஆண்டுகளில் பதினைந்து மடங்கு. மக்கள்தொகை அப்படியொன்றும் பெருகிவிடவில்லை. அந்தக் காலத்தில் தார்ச்சாலைகள் பெருகின, மோட்டார் வண்டிகள் பெருகின, சிகரெட்டும் பெருகியது. எக்ஸ்ரே பரவலானதால் முன்பு கண்ணில் படாமல் போன நோய் இப்போது கணக்கில் ஏறுகிறதோ என்றும் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இதை ஆராய இறங்கிய ரிச்சர்ட் டால் என்ற இளம் மருத்துவரின் சந்தேகம் முதலில் சாலைக்குப் போடும் தார் மேல்தான் இருந்தது. அப்போது அவரும் புகைப்பவர்.

டாலும் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டனில் 20 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டார்கள். நுரையீரல் புற்றுநோயாளிகள் 709 பேர். அதே வயதில், அதே பாலினத்தில், வேறு நோய்க்காகப் படுத்திருந்தவர்கள் 709 பேர். எல்லாரிடமும் ஒரே கேள்விகள். 1950-இல் வெளியான அந்த அட்டவணையை முதல்முறை பார்ப்பவருக்குச் சப்பென்றுதான் இருக்கும். ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், புற்றுநோயாளிகள் 649 பேரில் புகைக்காதவர்கள் 2 பேர். மற்ற 649 பேரில் 27 பேர். அதாவது இரண்டு பக்கமும் ஏறக்குறைய எல்லாருமே புகைப்பவர்கள்! அந்தத் தலைமுறையில் புகைக்காத ஆணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லாரிடமும் இருக்கும் பழக்கத்தைக் காரணம் என்று சுட்டிக்காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் எத்தனை சிகரெட் என்று கேட்டபோது இடைவெளி விரிந்தது. நாளைக்கு 25-ம் அதற்கு மேலும் புகைத்தவர்கள் புற்றுநோயாளிகளில் 168 பேர், மற்றவர்களில் 84 பேர். சரியாக இரட்டிப்பு.

சரி, இது போதுமா? போதாது. அடுத்தடுத்து இரண்டு காரியம் நடந்தால், முதலாவதால்தான் இரண்டாவது நடந்தது என்றாகிவிடாது. இதைத் தமிழில் ஒரு காக்கையையும் பனம்பழத்தையும் வைத்தே சொல்லிவிடுகிறோம். பொதுச் சுகாதாரத்தில் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. பழம் பழுத்துத் தானாக விழுந்ததா, காற்றடித்து விழுந்ததா, உண்மையிலேயே காக்கையின் கனத்தில் விழுந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாக வேண்டும். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மொத்தச் சாமர்த்தியமும் ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது: இதே எண்கள் வேறு எந்த வழியில் வந்திருக்கக்கூடும்?

முதல் வழி, தற்செயல். 2-க்கும் 27-க்கும் உள்ள வித்தியாசம் குருட்டாம்போக்கில் வருவதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. கணக்குப் போட்டே இதைத் தள்ளிவிடலாம்.

இரண்டாவது வழி, கேட்ட விதம். எதிரே படுத்திருப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தால், கேள்வி கேட்பவருக்குச் சிகரெட்டைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திக் கேட்கத் தோன்றும். வேண்டுமென்றே செய்ய வேண்டியதில்லை, குரலிலேயே அது வந்துவிடும். இதை எப்படிச் சோதிப்பது? அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நேர்காணல் நடந்தபோது நுரையீரல் புற்றுநோய் என்று குறிக்கப்பட்டு, பிறகு வேறு நோய் என்று தெரியவந்த நோயாளிகள் கணிசமாக இருந்தார்கள். அவர்களிடம் கேட்டவர்கள் புற்றுநோயாளி என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டார்கள். ஆனால் அவர்களுடைய புகைப் பழக்கம் ஒத்துப்போனது புற்றுநோயாளிகளோடு இல்லை, மற்ற நோயாளிகளோடு. கேட்டவரின் மனச்சாய்வுதான் எண்களை உண்டாக்கியது என்றால் இவர்களும் புற்றுநோயாளிகளைப் போலவே தெரிந்திருக்க வேண்டும். முதலில் தவறாகப் போன நோயறிதல் ஒன்று, ஆய்வுக்கே சாட்சியாக வந்து நின்றது.

அப்படியும் நோய் வந்த பிறகு பழசை நினைவுபடுத்திச் சொல்வதில் ஒரு பலவீனம் இருக்கத்தான் செய்கிறது. அதனால் 1951-இல் இருவரும் பிரிட்டன் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 40,000-க்கும் அதிகமானோர் தங்கள் புகைப் பழக்கத்தைப் பற்றிப் பதில் எழுதி அனுப்பினார்கள். அப்புறம் செய்ய வேண்டியது ஒன்றுதான், காத்திருப்பது. 1954-இல் முதல் கணக்கு வந்தது. 35 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண் மருத்துவர்களில் 36 பேர் நுரையீரல் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். அவர்களில் புகைக்காதவர் ஒருவர்கூட இல்லை. இங்கே பழக்கம் முன்னால் பதிவானது, நோய் பின்னால் வந்தது. நினைவுப் பிசகு என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது வழிதான் கடினமானது. இரண்டுக்கும் பின்னால் மூன்றாவதாக ஒன்று ஒளிந்திருந்தால்? இந்தக் கேள்வியை எழுப்பியவர் சாதாரண ஆள் இல்லை. ரொனால்ட் ஃபிஷர், நவீனப் புள்ளியியலை உருவாக்கியவர்களில் முதல் வரிசைக்காரர். சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதிக்கும் முறையை வகுத்துக் கொடுத்தவரே அவர்தான். சிகரெட் மேல் ஆசை வரவைக்கும் ஒரு மரபணுவே புற்றுநோயையும் வரவைக்கலாமே, அப்படியானால் சிகரெட் வெறும் அடையாளம்தானே என்று 1950-களின் பிற்பகுதியில் அவர் வாதிட்டார். புகையிலைத் தொழிலுக்கு அவர் ஆலோசகராக இருந்தார் என்பதும் உண்மை. ஆனால் அதைச் சொல்லி வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. யார் காசு கொடுத்தாலும் கேள்வி சரியான கேள்வி என்றால் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் 1959-இல் வந்தது. அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் உடன் எழுதியவர்களும் எளிய கணக்கு ஒன்றைக் காட்டினார்கள். புகைப்பவருக்குப் புற்றுநோய் வாய்ப்பு ஒன்பது மடங்கு என்று வைத்துக்கொள்வோம். சிகரெட் அப்பாவி, எல்லாவற்றுக்கும் மரபணுதான் காரணம் என்றால், அந்த மரபணு புகைக்காதவர்களிடம் இருப்பதைப்போலக் குறைந்தது ஒன்பது மடங்காவது புகைப்பவர்களிடம் பரவியிருக்க வேண்டும். புகைக்காதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரிடம் அது இருக்கிறது என்றால், புகைப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய வித்தியாசம் கண்ணில் படாமலா போகும்? அப்படி ஒரு மரபணுவை யாரும் காட்டவில்லை. தவிர, மரபணுக்கள் இருபத்தைந்து ஆண்டுகளில் மாறி நோயைப் பதினைந்து மடங்காக்காது. சிகரெட்டை விட்டவருக்கு ஆபத்து குறைவதையும் மரபணுவால் விளக்க முடியாது. விட்டதும் மரபணு மாறிவிடுவதில்லையே.

இந்தக் கணக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது, அதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். தொடர்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு ஒளிந்திருக்கும் காரணியும் பெரிதாக இருக்க வேண்டும். பத்து மடங்கு ஆபத்தை மறைமுகக் காரணி ஒன்றால் விளக்கிவிடுவது கடினம். ஆனால் ‘20 சதவீதம் அதிகம்’ என்று வருகிறதே, அதை விளக்க வசதி, படிப்பு, உடற்பயிற்சி, தூக்கம் என்று எது வேண்டுமானாலும் போதும். செய்திகளில் நாம் படிக்கும் உணவு ஆய்வுகளில் பாதிக்கு மேல் இந்த ரகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1964 ஜனவரியில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் குழு, 7,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைப் பரிசீலித்து, ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரச் சிகரெட் காரணம் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு ஹில், லண்டனில் ஒரு கூட்டத்தில் பேசும்போது, தொடர்பைக் காரணம் என்று எடுத்துக்கொள்வதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்பது கோணங்களைச் சொன்னார். தொடர்பின் வலிமை, வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆட்கள் செய்தும் அதே முடிவு வருகிறதா என்பது, அளவு கூடக் கூட நோயும் கூடுகிறதா என்பது என்று போகும் அந்தப் பட்டியல் இன்றைக்கும் பாடத்தில் இருக்கிறது. ஆனால் பலர் அதைத் தேர்வுத்தாள் போலப் பயன்படுத்துகிறார்கள், ஒன்பதுக்கு ஆறு வந்தால் தேறியது என்பதுபோல. ஹில் அப்படிச் சொல்லவே இல்லை. தன்னுடைய ஒன்பதில் எதுவும் மறுக்க முடியாத சான்று ஆகாது, எதுவும் கட்டாயமும் ஆகாது என்று அவரே தெளிவாகச் சொன்னார். காரணம் முன்னால் வர வேண்டும், நோய் பின்னால் வர வேண்டும் என்பதை மட்டும் எவராலும் தளர்த்த முடியாது. ஒரு காரணத்துக்கு ஒரு நோய் என்ற கோணம் சிகரெட்டிடமே தோற்றுப்போகிறது. அது நுரையீரலோடு நிற்பதில்லை. இதயம், வாய், சிறுநீர்ப்பை என்று பல இடங்களைக் கெடுக்கிறது.

அந்தப் பேச்சின் கடைசிப் பகுதிதான் என் பார்வையில் முக்கியமானது, அதை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. எவ்வளவு சான்று போதும் என்பது, என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்தது என்றார் ஹில். கர்ப்பிணிகளின் மசக்கைக்குக் கொடுக்கும் மருந்தைக் கட்டுப்படுத்தக் கொஞ்சம் சான்று போதும், நாம் சொல்வது தப்பாகவே போனாலும் நஷ்டம் சிறிது. பட்டறையில் பயன்படுத்தும் எண்ணெய் ஒன்றை மாற்றச் சுமாரான சான்று போதும். மக்கள் விரும்பிச் செய்வதை விடச் சொல்ல வேண்டுமானால் மிக வலுவான சான்று வேண்டும். அப்போது, கர்ப்பிணிகள் மசக்கைக்குச் சாப்பிட்ட தாலிடோமைடு என்ற மருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த துயரம் நடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மசக்கை மருந்தை அவர் உதாரணமாக எடுத்ததன் கனம் கேட்டவர்களுக்குப் புரிந்திருக்கும்.

கொஞ்சம் சான்று எவ்வளவு பேசும் என்பதற்கு 1971-இல் பாஸ்டனில் வந்த ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். பிறப்புறுப்பில் மிக அபூர்வமான ஒரு வகைப் புற்றுநோய் இளம் பெண்களுக்கு வந்திருந்தது. சாதாரணமாக அது அந்த வயதில் வருவதே இல்லை. நோயாளிகள் மொத்தம் 8 பேர். நான் கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்ட மாத்திரையால் இருக்குமோ என்று கேட்டவர் அந்தப் பெண்களில் ஒருவரின் தாய். மருத்துவர் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் குழு அந்தக் கேள்வியை விட்டுவிடவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும், அவர் பிறந்த அதே மருத்துவமனையில் ஐந்து நாட்களுக்குள் முன்பின் பிறந்த நான்கு பெண்களை ஒப்பிட்டார்கள். கருச்சிதைவைத் தடுக்கும் என்று கொடுக்கப்பட்ட டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற ஹார்மோன் மாத்திரையை, நோயாளிகள் 8 பேரின் தாய்மாரில் 7 பேர் சாப்பிட்டிருந்தார்கள். ஒப்பீட்டில் இருந்த 32 பேரின் தாய்மாரில் ஒருவரும் இல்லை. நாற்பதே பேர்! அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. மனதை அறுக்கும் விஷயம் என்னவென்றால், அந்த மாத்திரை கருச்சிதைவைத் தடுக்கவில்லை என்று 1953-இலேயே ஒரு சோதனை காட்டியிருந்தது. பயனில்லாத மருந்தைப் பதினெட்டு ஆண்டுகள் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய எண்கள் இருந்தால் ஏமாற மாட்டோம் என்றும் நினைத்துவிடக் கூடாது. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஆயிரக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வுகள் சொல்லின. மருத்துவர்கள் அதை நம்பி எழுதிக் கொடுத்தார்கள். பிறகு அமெரிக்காவில் 16,608 பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையும், மறு பாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். 2002 ஜூலையில் அந்தச் சோதனையைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மார்பகப் புற்றுநோய் கூடியது. இதயத்துக்கு எதிர்பார்த்த பாதுகாப்பு வரவில்லை, மாரடைப்பு சற்றுக் கூடுதலாகவே தெரிந்தது. முந்தைய ஆய்வுகளில் மாத்திரையைத் தேடிப் போனவர்கள் ஏற்கனவே வசதியும் உடல்நலமும் கூடியவர்கள் என்பது அந்தக் குழப்பத்தில் பெரும்பங்கு. எந்த வயதில் தொடங்கினார்கள் என்பதும் முடிவை மாற்றுகிறது என்று பின்னால் விவாதம் தொடர்ந்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்யலாமே? முடியாது. ஆயிரம் பேரை முப்பது ஆண்டு சிகரெட் பிடிக்க வைத்துப் பார்க்க எந்த மனசாட்சியும் இடம் கொடுக்காது. ‘சோதனை செய்து காட்டவில்லையே’ என்று கேட்பவர்களில் சிலர் இது தெரிந்தேதான் கேட்கிறார்கள். ஒரு சிகரெட் நிறுவனத்தின் 1969-ஆம் ஆண்டு உள்குறிப்பு பின்னாளில் வெளியே வந்தது. சந்தேகம்தான் நம்முடைய சரக்கு என்று அதில் எழுதியிருந்தது. நேர்மையான சந்தேகத்தையும் இப்படி விற்பனைக்கு வந்த சந்தேகத்தையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. என்ன சான்று கிடைத்தால் ஒத்துக்கொள்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதலாமவர் பதில் சொல்வார்.

சான்று எவ்வளவு உறுதி என்பதும் ஆபத்து எவ்வளவு பெரிது என்பதும் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொள்வதால் வரும் பீதி கொஞ்சமில்லை. 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை முதல் வகையில் வைத்தது. புகையிலையும் அதே வகைதான். உடனே ‘இறைச்சி சிகரெட்டுக்குச் சமம்’ என்று செய்தி பறந்தது. அந்த வகைப்பாடு சொல்வது, இது புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குச் சான்று உறுதி என்பதை மட்டும்தான். நாள்தோறும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு பேச்சுக்கு, நூறு பேரில் வாழ்நாளில் ஐந்து பேருக்கு வரக்கூடிய நோய் என்றால் அது ஆறு பேரை நெருங்கும். சிகரெட் நுரையீரல் புற்றுநோயைக் கூட்டுவது 18 சதவீதம் இல்லை, பத்து மடங்குக்கும் மேலே.

இனி, பலர் கேட்கும் கேள்வி: ‘எப்படி உண்டாக்குகிறது என்று தெரியாமல் காரணம் என்று எப்படிச் சொல்லலாம்?’ லண்டனில் 1854-இல் காலரா வந்தபோது, கெட்ட காற்றால் வருகிறது என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் தண்ணீரைச் சந்தேகித்தார். தெற்கு லண்டனில் ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்களின் குழாய்கள் ஓடின. ஒன்று கழிவு கலந்த தேம்ஸ் ஆற்றுப் பகுதியிலேயே தண்ணீர் எடுத்தது, மற்றொன்று 1852-இல் ஆற்றின் மேல்பகுதிக்குப் போய்விட்டது. பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே காற்று, தண்ணீர் மட்டும் வேறு. எந்த நிறுவனத் தண்ணீர் என்று பல வீடுகளில் சொல்லத் தெரியவில்லை. அதனால் ஸ்னோ தண்ணீரில் வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்த்தார். கடலேற்றமும் கழிவும் கலந்த தண்ணீரில் உப்பு அதிகம், அது வெள்ளையாகத் திரிந்துபோகும். வீடு வீடாக இப்படிப் பிரித்துக் கணக்கெடுத்தால், அழுக்குத் தண்ணீர் வந்த 10,000 வீடுகளுக்கு 315 சாவு, மேல்பகுதித் தண்ணீர் வந்த 10,000 வீடுகளுக்கு 37. காலராக் கிருமியை ராபர்ட் கோக் உறுதிசெய்ய இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன.

ஸ்னோவிடம் கிருமி இல்லை, முடிவு சரியாக இருந்தது. எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. கேட்டவுடன் நம்பத் தோன்றும் விளக்கம் ஒன்று கையில் இருந்தது, முடிவு தவறாகப் போனது. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தால் கக்கிய பால் தொண்டையில் அடைத்துவிடும், குப்புறப் போடுங்கள் என்று இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் மேலை நாடுகளில் மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் அறிவுரை சொன்னார்கள். தாய்மார்கள் அக்கறையோடு அதைக் கேட்டார்கள். தொட்டிலில் தூங்கிய குழந்தை காரணமே தெரியாமல் இறந்துகிடப்பது அதே காலத்தில் நடந்துகொண்டிருந்தது. குப்புறப் படுப்பதற்கும் அந்தச் சாவுக்கும் தொடர்பைக் காட்டிய ஆய்வுகள் தனித்தனியாக வந்துகொண்டுதான் இருந்தன. ஒவ்வொன்றும் சிறியது, ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்துத் தள்ளிவைக்க முடிந்தது. யாரும் அவற்றைச் சேர்த்துக் கூட்டிப் பார்க்கவில்லை.

2005-இல் ரூத் கில்பர்ட்டும் சகாக்களும் பழைய ஆய்வுகளை வரிசையாக அடுக்கிக் கூட்டிப் பார்த்தார்கள். 1970-இலேயே விடை தெரிந்திருக்க வேண்டியது என்று வந்தது. அப்போதே கூட்டிப் பார்த்திருந்தால் பிரிட்டனில் 10,000-க்கும் அதிகமான குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் சேர்த்துக் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருக்கக்கூடும் என்று அவர்கள் எழுதினார்கள். இந்த வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறவில்லை. புது ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை, புதுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. நூலகத்தில் இருந்ததைக் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை.

பிரிட்டனில் 1991-இலும் அமெரிக்காவில் 1994-இலும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் தொடங்கியது. பிரிட்டனில் சில ஆண்டுகளிலேயே அந்தச் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின, அமெரிக்காவிலும் வெகுவாகக் குறைந்தன. குப்புறப் படுக்கும்போது குழந்தை தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறதா, தூக்கம் கலைந்து விழிக்க முடியாமல் போகிறதா, உடல் சூடு ஏறுகிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.